ஓர் இடது ஃபிபுலாவும் ஆறு மாத அரியரும்

பிசியோதெரபி முதலாண்டில் அனாட்டமி தியரியை எப்படியோ தாண்டிவிட்டேன். பிராக்டிகலில் விழுந்தேன். ஹாஃப்-செட் எலும்புக்கு 7,000, இன்றுவரை முழுசாகப் புரட்டாத கலர் அட்லஸுக்கு 3,800, கடைசி நேர டியூஷனுக்கு 6,000, ஆக 16,800 ரூபாயும் ஆறு மாதமும் போயிற்று. அரியர் கட்டணம் தனி. இங்கே நெல்லைப் பக்கம் தமிழ்வழியில் பன்னிரண்டு முடித்துவிட்டு நர்ஸிங், பிசியோ, லேப், எக்ஸ்ரே என்று சேருகிற பிள்ளைகள் நிறைய. எதில் சேர்ந்தாலும் வாசலிலேயே நிற்பது அனாட்டமிதான். என் தலையில் குட்டு விழுந்த இடங்களை மட்டும் வரிசையாகச் சொல்கிறேன்.

முதல் குட்டு, முதல் வகுப்பில் சொல்லித்தரும் அனாட்டமிகல் பொசிஷன். நிமிர்ந்து நிற்க வேண்டும். முகமும் கண்ணும் நேர் எதிரே, பாதங்கள் சேர்ந்து முன்னோக்கி, கைகள் பக்கவாட்டில் தொங்க, உள்ளங்கை முன்னால் பார்க்க வேண்டும். ஐந்து மார்க் கேள்வி என்று எழுதிப் பழகினேனே தவிர, ஒரு தடவைகூட நின்று பார்க்கவில்லை. இயல்பாக நிற்கும்போது உள்ளங்கை தொடையைப் பார்க்கும், கட்டைவிரல் முன்னால் இருக்கும். அதனால் கட்டைவிரலை 'ஆன்டீரியர்' என்றே மனம் எடுத்துக்கொள்கிறது. உள்ளங்கையைத் திருப்பினால்தான் கட்டைவிரல் வெளிப்பக்கம், அதாவது லேட்டரலாகப் போகும். சுண்டுவிரல் உடலின் நடுக்கோட்டுப் பக்கம், மீடியலாக வரும். முன்கை எலும்பு இரண்டில் கட்டைவிரல் பக்கம் இருப்பது ரேடியஸ், சுண்டுவிரல் பக்கம் அல்னா. உள்ளங்கை முன்னால் இருந்தால் இரண்டும் இணையாக நிற்கும். பின்னால் திருப்பினால் ரேடியஸ் அல்னாவின் மேல் குறுக்கே விழும். அதனால்தான் அந்தத் தோரணையைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள் போலும். பிற்பாடு தினமும் ஐந்து நிமிடம் அப்படி நின்று உறுப்புகளைத் தொட்டுச் சொல்லிப் பார்ப்பேன். "ஏ பிள்ள, என்ன ரெண்டு கையையும் விரிச்சுக்கிட்டு வரம் குடுக்க சாமி மாதிரி நிக்கே?" என்பாள் ஆச்சி. வரத முத்திரைதான், ஆச்சி சொன்னது சரி.

அதே நிலையில் குனிந்து காலைப் பாருங்கள். கையின் கட்டைவிரல் லேட்டரல், காலின் பெருவிரல் மீடியல். இது எல்லாரையும் ஒரு தடவையாவது கவிழ்க்கும். கருவில் வளரும்போது கை வெளிப்பக்கமாகவும் கால் உள்பக்கமாகவும் திரும்பிவிடுகின்றன. முழங்கை முன்னால் மடங்க, முழங்கால் பின்னால் மடங்குவதும் இதனால்தான். புயத்தில் மடக்கும் தசைகள் முன்னால் இருக்க, தொடையில் நீட்டும் தசைகள் முன்னால் இருப்பதும் இதனால்தான். இதை ஒரு தடவை புரிந்துகொண்டால் தசைப் பட்டியலில் பாதியை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை.

ப்ராக்ஸிமல் (உடலோடு ஒட்டிய முனைக்கு அருகே), டிஸ்டல் (அதிலிருந்து விலகி) இரண்டும் எனக்கு ஒரு மாதம் பிடிபடவில்லை. அவற்றை இடப்பெயர்களாக எடுத்துக்கொண்டதுதான் தப்பு. தாமிரபரணியை நினைத்துக்கொள்ளுங்கள். தோள்தான் பொதிகை, விரல்நுனி புன்னைக்காயல். சேரன்மகாதேவி பாபநாசத்துக்குக் கீழே, ஸ்ரீவைகுண்டத்துக்கு மேலே. அதுபோல முழங்கை தோளுக்கு டிஸ்டல், மணிக்கட்டுக்கு ப்ராக்ஸிமல். எதோடு ஒப்பிடுகிறோம் என்று சொல்லாமல் 'முழங்கை டிஸ்டல்' என்று மட்டும் எழுதினால் மார்க் கிடையாது. நோயாளி படுத்திருந்தாலும் குப்புறக் கிடந்தாலும் தலைப்பக்கம்தான் சுப்பீரியர். இடது வலது எப்போதும் நோயாளியுடையது, பார்ப்பவருடையது அல்ல. சி.டி. ஸ்கேனில் குறுக்குவெட்டுப் படங்களைக் கால்மாட்டில் நின்று பார்ப்பதுபோல் அடுக்குவதால், கல்லீரல் படத்தின் இடப்பக்கம் தெரியும். அதைப் பார்த்து யாரும் பதற வேண்டாம்.

இரண்டாவது குட்டு நம் தமிழாலேயே விழுந்தது. தமிழைக் குறை சொல்லவில்லை, வீட்டுத் தமிழ் வேறு, பாடத்தின் கணக்கு வேறு. 'ஆர்ம்' என்றால் கை என்று எழுதிவைத்திருந்தேன். அனாட்டமியில் ஆர்ம் தோளிலிருந்து முழங்கை வரைதான். அதற்குக் கீழே ஃபோர்ஆர்ம், அப்புறம் ஹேண்ட். 'லெக்' என்பதும் முழுக் கால் அல்ல, முழங்காலிலிருந்து கணுக்கால் வரை மட்டும். தொடை அதில் சேராது. 'லெக்கின் தசைகளை விவரி' என்ற கேள்விக்குத் தொடைத் தசைகளை இரண்டு பக்கம் எழுதிவிட்டு வந்தவர்களில் நானும் ஒருத்தி. நாம் புயம், முன்கை, தொடை, கணைக்கால் என்று தனித்தனியே வைத்திருக்கும் சொற்களை எடுத்துக்கொண்டால் இந்தத் தொந்தரவே இல்லை. வயிறு என்பதும் இப்படித்தான். வீட்டில் வயிறு என்றால் அப்டமனும் அதுதான், ஸ்டமக்கும் அதுதான். பாடத்தில் ஸ்டமக் இரைப்பை மட்டுமே.

எல்லாவற்றிலும் மோசம் 'நரம்பு'. கையில் நீலமாகப் புடைத்திருப்பதும் நரம்பு, சுளுக்கினால் இழுப்பதும் நரம்பு, மரத்துப்போவதற்குக் காரணமும் நரம்பு. முதலாவது வெயின், அதாவது சிரை. இரண்டாவது பெரும்பாலும் தசை அல்லது தசையை எலும்போடு சேர்க்கும் டென்டன். மூன்றாவதுதான் உண்மையில் நெர்வ். டிசெக்‌ஷன் ஹாலில் ஃபார்மலினில் ஊறிய உடலில் எல்லாமே ஒரே பழுப்பு நிறமாகத் தெரியும், அங்கே கண்ணைவிட விரலை நம்ப வேண்டும். ஃபோர்செப்ஸால் மெல்ல அழுத்துங்கள். ஆர்ட்டரி, அதாவது தமனியின் சுவர் தடித்தது, நடுவில் துவாரம் உண்டு, அமுக்கி விட்டால் பழையபடி எழும்பும். வெயின் சுவர் மெல்லியது, அமுங்கியே கிடக்கும், உள்ளே கறுத்த இரத்தக்கட்டி இருக்கலாம். நெர்வில் துவாரமே கிடையாது, திரித்த நூல்கயிறுபோல் கெட்டியாக இருக்கும். டென்டன் வெள்ளியாக மினுங்கும், பிடித்து இழுத்தால் அதன் மறுமுனையில் ஏதாவது ஒரு மூட்டு அசையும். மணிக்கட்டில் மீடியன் நெர்வ் டென்டன்களுக்கு நடுவே ஒளிந்து கிடப்பதால் அதையும் ஒரு டென்டன் என்று சொல்லிவிடுவோம். சந்தேகம் வந்தால் இழுத்துப் பாருங்கள், விரல் மடங்காவிட்டால் அது நெர்வ். ஃபார்மலின் பற்றி இரண்டே வார்த்தை: சாதாரண மாஸ்க் அந்த ஆவியைத் தடுக்காது, மூக்கில் தைலம் தடவினாலும் தடுக்காது. ஜன்னல் பக்கம் நில்லுங்கள், வெறும் வயிற்றோடு போகாதீர்கள்.

இனி ஹாஃப்-செட். ஒருவருடைய உடலில் ஒரு பக்கத்துக் கை, கால் எலும்புகள், விலா எலும்புகள், இடுப்பெலும்பு, இவற்றோடு மண்டையோடும் முதுகெலும்பும் சேர்ந்ததுதான் ஹாஃப்-செட். சீனியர்களிடமிருந்து கைமாறிக் கைமாறி வரும். எனக்கு இடையில் ஒருவர் வாங்கிக்கொடுத்தார். 'முழுசும் வலது' என்றார், நம்பிப் பணத்தைக் கொடுத்துவிட்டேன். அதில் ஃபிபுலா, அதாவது கணைக்காலின் வெளிப்பக்க மெல்லிய எலும்பு, மட்டும் இடது. முன்னால் வைத்திருந்த யாரோ தொலைத்துவிட்டு வேறு செட்டிலிருந்து சொருகியிருக்க வேண்டும். கணுக்கால் பக்கம் ஃபிபுலாவில் ஒரு குழி இருக்கும், மேலியோலர் ஃபோஸா என்று பெயர். அது பின்பக்கம் என்று புத்தகம் சொல்லியது, என் எலும்பிலோ முன்பக்கம் இருந்தது. புத்தகத்தில் அச்சுப்பிழை என்று முடிவுகட்டி, பென்சிலால் 'முன்' என்று திருத்தியும் வைத்தேன். இப்போது நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது.

எலும்பு எந்தப் பக்கத்துடையது என்று கண்டுபிடிக்க மூன்று கேள்விகள் போதும்: எது மேல், எது முன், எது உள். மூன்றுக்கும் எலும்பிலேயே ஒவ்வோர் அடையாளம் வேண்டும். இரண்டை மட்டும் வைத்து மூன்றாவதை ஊகித்தால் ஏமாறுவோம். தொடையெலும்பான ஃபீமரில் உருண்டைத் தலை மேலே, அது பார்ப்பது உள்பக்கம், தண்டின் நீளவாக்கில் ஓடும் சொரசொரப்பான வரப்பு பின்னால். கணைக்காலின் உள்பக்கப் பெரிய எலும்பான டிபியாவில் அகன்ற முனை மேல், கூர்மையான விளிம்பு முன், கீழ்முனையில் துருத்தும் மேலியோலஸ் உள். புயத்து எலும்பான ஹியூமரஸில் தலை மேல், உள். கீழ்முனையில் ஆழமான குழி இருப்பது பின். தோள்பட்டை எலும்பான ஸ்காபுலாவில் கூர்மையான கோணம் கீழ், முதுகெனத் துருத்தும் ஸ்பைன் பின், கிண்ணம்போன்ற குழி வெளி. காறையெலும்புதான் ரொம்பப் படுத்தும். அதன் உருண்ட முனை மார்பெலும்புப் பக்கம், தட்டை முனை தோள் பக்கம். உள்ளே இருக்கும் மூன்றில் இரண்டு பங்கு முன்னோக்கிப் புடைத்திருக்கும், மிச்சம் முன்னோக்கிக் குழிந்திருக்கும். நீளவாட்டில் பள்ளம் ஓடும் பரப்பு கீழ். விலா எலும்பில் தலை பின்னால், உட்புறத்தில் ஓடும் காடி, அதாவது நீளப் பள்ளம், கீழ் விளிம்பில். ஃபிபுலாவில் பக்கவாட்டில் தட்டையாகி முனை கூர்ந்தது கீழ், வழவழப்பான முக்கோணப் பரப்பு உள், அதற்குப் பின்னால் அந்தக் குழி.

பணம் கொடுக்கும் முன்னால் இப்படி ஒவ்வொன்றையும் எடுத்து உங்கள் உடம்பில் அதே இடத்தில் வைத்துப் பாருங்கள். அப்புறம் பக்கத்து எலும்போடு பொருத்திப் பாருங்கள். ஃபீமர் தலையை இடுப்பெலும்பின் குழியில் வையுங்கள், ரேடியஸ் தலையை அல்னாவின் வெளிப்பக்க வெட்டில் வையுங்கள். ஒரே ஆளுடையது இல்லையென்றால் அளவு கொஞ்சம் முன்பின் இருக்கும், பரவாயில்லை. பக்கம் மாறினால் மட்டும் உட்காரவே உட்காராது. அரைமணி நேர வேலை. அதைச் செய்திருந்தால் எனக்கு ஆறு மாதம் மிச்சம்.

பிராக்டிகலில் வந்ததும் ஃபிபுலாதான். நல்ல வலது எலும்பு. நான் பழகியபடி குழியை முன்னால் வைத்துப் பிடித்து 'இடது' என்றேன். எக்ஸாமினர் கோபப்படவில்லை. "டிபியாவை எடுத்துச் சேர்த்துக் காட்டும்மா" என்றார். இடது டிபியாவோடு சேர்த்தேன், உட்காரவில்லை. திருப்பினேன், அப்போதும் இல்லை. அதற்குப்பிறகு எது கேட்டாலும் வாய் வரவில்லை. வைத்திருப்பதை ஒவ்வொன்றாக அடையாளம் சொல்லும் ஸ்பாட்டர் மேசையில் மணி அடிக்க அடிக்க நகர வேண்டும், கை நடுங்கிக்கொண்டே இருந்தது. அன்று வண்ணார்பேட்டையில் பஸ் ஏறி உட்கார்ந்து, ஊர் வரும்வரை யாரோடும் பேசவில்லை. பின்னால் யோசித்தால், ஃபிபுலா தெரியாதது அல்ல காரணம். எலும்பை ஏன் அந்தப் பக்கம் என்கிறேன் என்று என்னால் ஒரு காரணமும் சொல்ல முடியவில்லை. இப்போது ஜூனியர்களிடம் சொல்வது: எலும்பைக் கையில் வாங்கியதும் பதிலைச் சொல்லாதீர்கள். அனாட்டமிகல் பொசிஷனில் பிடித்து, மூன்று காரணத்தையும் வாய்விட்டுச் சொல்லிவிட்டு, கடைசியில் பக்கத்தைச் சொல்லுங்கள். பக்கம் தப்பாகப் போனாலும் காரணத்துக்கு மார்க் விழ வாய்ப்புண்டு. தப்பு நம் காதிலேயே விழுவதும் உண்டு.

அரியர் மாதங்களில்தான் பெயர்களைப் பிரித்துப் படிக்கத் தொடங்கினேன். தசைப் பெயர் பலவும் நம்மூர் பஸ் போர்டு மாதிரி. 'திருநெல்வேலி - சேரன்மகாதேவி - பாபநாசம்' என்று படித்தால் எங்கே கிளம்பி எங்கே போகிறது என்று தெரிந்துவிடுகிறதல்லவா? ஸ்டெர்னோ-க்ளைடோ-மாஸ்டாய்டு: மார்பெலும்பிலும் காறையெலும்பிலும் கிளம்பி, காதுக்குப் பின்னால் மாஸ்டாய்டில் இறங்கும் தசை. ஃப்ளெக்ஸர் கார்பை ரேடியாலிஸ் என்றால் ரேடியஸ் பக்கமாக மணிக்கட்டை மடக்குவது. 'லாங்கஸ்' என்று ஒன்றைக் கண்டால் 'ப்ரெவிஸ்' எங்கே என்று தேடுங்கள், 'மேஜர்' இருந்தால் 'மைனர்' இருக்கும். பைசெப்ஸ் இரட்டைத் தலை, ட்ரைசெப்ஸ் மூன்று தலை.

லத்தீன், கிரேக்கம் என்று பயப்படுகிற அளவுக்கு ஒன்றுமில்லை, அந்த ஊர்க்காரர்கள் வீட்டுச் சாமானைப் பார்த்து வைத்த பெயர்கள்தான். டிபியா என்றால் குழல், க்ளாவிக்கிள் சின்னச் சாவி, பெல்விஸ் அகன்ற பாத்திரம். ஸ்காபுலாவில் துருத்தும் கோரகாய்டு காக்கை மூக்கு, வால் எலும்பான காக்ஸிக்ஸ் குயிலின் அலகு. பட்டெல்லா அவர்களுக்குச் சின்னத் தட்டு, நமக்கு முட்டுச்சில்லு. பாண்டி ஆடின சில்லு எப்படி இருக்கும் என்று தெரிந்த எந்தப் பிள்ளைக்கும் அந்த எலும்பின் வடிவம் மறக்காது. மசில் என்ற சொல்லுக்கே வேர் சுண்டெலி. தோலுக்கடியில் ஓடும் தசை அவர்களுக்கு எலியாகத் தெரிந்திருக்கிறது. காலின் பின்தசையில் நாம் கெண்டை மீனைப் பார்த்தோம், கெண்டைக்கால் என்றோம். கிரேக்கன் அதையே காலின் வயிறு என்று சொல்லி காஸ்ட்ராக்னீமியஸ் ஆக்கினான். என்னைக் கேட்டால் கெண்டைதான் பொருத்தம். 19ஆம் நூற்றாண்டிலேயே யாழ்ப்பாணத்தின் மானிப்பாயில் சாமுவேல் கிரீன் என்ற அமெரிக்க மருத்துவர் தமிழிலேயே மருத்துவம் சொல்லிக்கொடுத்தார், பாடநூல்களையும் தமிழாக்கினார். இது தெரிந்தபின், தமிழ்வழியில் வந்தோம் என்ற கூச்சம் எனக்குப் பாதி போய்விட்டது.

ஒலியில் ஏமாற்றும் சொற்களைத் தனி நோட்டில் எழுதிவையுங்கள். இலியம் இரண்டு உண்டு: ஒன்று இடுப்பெலும்பின் பகுதி, மற்றது சிறுகுடலின் கடைசிப் பகுதி. தமிழில் எழுதினால் வித்தியாசமே தெரியாது, அதனால் அதை ஆங்கிலத்தில் எழுத்துக்கூட்டித்தான் படிக்க வேண்டும். சிறுநீரகத்திலிருந்து சிறுநீர்ப்பைக்கு வருவது யூரெட்டர், பையிலிருந்து வெளியே போவது யூரெத்ரா. மாலியஸ் காதுக்குள், மேலியோலஸ் கணுக்காலில். பெரோனியஸும் ஃபிபுலாரிஸும் ஒரே தசைதான். 1998இல் வந்த சர்வதேசப் பெயர்ப்பட்டியல் ஃபிபுலாரிஸ் என்பதை எடுத்துக்கொண்டது, பழைய புத்தகங்களில் பெரோனியஸ் நின்றுவிட்டது. நான் இரண்டையும் இரண்டு தசை என்று நினைத்து, தியரியில் காலுக்கு ஒரு தசையைக் கூடுதலாகவே கொடுத்துவிட்டு வந்தேன்.

அசைவுகளுக்கு வீட்டைவிட நல்ல ஆய்வகம் கிடையாது. அம்மா பீடி சுற்றும்போது கையைக் கவனித்தேன். கட்டைவிரல் உள்ளங்கைக்குக் குறுக்கே வந்து மற்ற விரல்நுனிகளைத் தொடுவது ஆப்போசிஷன். அதன் அடியில் குதிரைச் சேணம்போன்ற மூட்டு இருப்பதால்தான் அது முடிகிறது. கட்டைவிரல் மற்ற விரல்களிலிருந்து ஏறத்தாழ 90 பாகை திரும்பி நிற்பதால், அதற்கு அசைவுப் பெயர்களும் திரும்பிவிடும். உள்ளங்கையை ஒட்டியே வந்தால் ஃப்ளெக்‌ஷன், உள்ளங்கையை விட்டு நேர் முன்னால் எழும்பினால் அப்டக்‌ஷன். கட்டைவிரல் நுனியையும் சுண்டுவிரல் நுனியையும் சேர்த்து மணிக்கட்டை லேசாக மடக்குங்கள், நடுவில் ஒரு டென்டன் துருத்தும். அது பால்மாரிஸ் லாங்கஸ். துருத்தாவிட்டால் பயப்பட வேண்டாம், சிலருக்கு அந்தத் தசையே இருக்காது, சிலருக்கு ஒரு கையில் மட்டும் இருக்கும்.

மூட்டுக்கு மேலப்பாளையம் கறிக்கடைதான் கைகொடுத்தது. "பின்னங்கால் முழங்கால் மூட்டை வெட்டாம முழுசாத் தாங்க பாய்" என்று கேட்டால் கொடுப்பார்கள். கொழுப்பைச் சுரண்டிவிட்டு முன்னால் முட்டுச்சில்லையும் அதிலிருந்து டிபியாவுக்கு இறங்கும் நாரையும் பாருங்கள். மூட்டைச் சூழ்ந்த பையைக் கீறினால் முட்டை வெள்ளைபோலக் கொழகொழப்பான திரவம் வரும், அதுதான் சினோவியல் ஃப்ளூயிட். உள்ளே பிறைவடிவில் மெனிஸ்கஸ் என்ற குருத்தெலும்பு இரண்டு, நடுவில் எலும்பை எலும்போடு கட்டும், குறுக்காகப் பின்னிய இரண்டு க்ரூஷியேட் லிகமென்ட். ஃபீமரைப் பிடித்துக்கொண்டு டிபியாவை முன்னால் இழுங்கள், வராது. முன் க்ரூஷியேட்டை மட்டும் வெட்டிவிட்டு இழுங்கள், மேசை டிராயர் மாதிரி நழுவி வரும். நோயாளியிடம் செய்யும் டிராயர் டெஸ்ட்டுக்கு அதற்குப்பிறகு விளக்கமே வேண்டாம். ஒன்றை மட்டும் மறக்காதீர்கள்: ஆட்டின் பின்னங்காலில் பின்னோக்கி மடங்கித் தெரிவது முழங்கால் அல்ல, கணுக்கால். ஆடு விரல்நுனியில் நிற்கிறது. காறையெலும்பை ஆட்டிடம் தேடவும் வேண்டாம், இருக்காது.

206 எலும்பு என்பதையும் கூட்டிப் பழகுங்கள். நடு அச்சில் 80, கைகால்களில் 126. கை இரண்டுக்கும் சேர்த்து 64, கால் இரண்டுக்கும் 62. ஏன் இரண்டு குறைகிறது? தோளில் இரண்டு எலும்பு, இடுப்பில் ஒன்று. மணிக்கட்டில் எட்டு, கணுக்கால் பக்கம் ஏழு. காலுக்கு முட்டுச்சில்லு ஒன்று கூடுதல். கழித்துப் பார்த்தால் பக்கத்துக்கு ஒன்று இடிக்கும். வைவா என்னும் வாய்மொழித் தேர்வில் எண்ணிக்கை மறந்தால்கூட விரல்விட்டு எண்ணிச் சொல்லிவிடலாம்.

இரண்டாவது தடவை தேறினேன். செட்டை விற்க நினைத்தபோது சங்கரன்கோவில் பக்கத்துத் தங்கச்சி ஒருத்தி வந்தாள். ஃபிபுலா இடது என்று முதலிலேயே சொல்லி, அதற்கு 500 ரூபாய் குறைத்துக்கொண்டேன். மேல், முன், உள் மூன்றையும் சொல்லிக்கொடுத்தேன். அவள் தரையில் துணி விரித்து ஒவ்வொன்றாக எடுத்து, தன் உடம்பில் வைத்து, வாய்க்குள் முணுமுணுத்துக்கொண்டே அடுக்கினாள். விலா எலும்புகளில் ஒன்றை மட்டும் கீழே வைக்காமல் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "அக்கா, காடி மேல வருது. இதுவும் இடதுதான்."

வாங்கிப் பார்த்தேன். இடதுதான்.